குந்தவையின் மூன்று கிலோ

பாபநாசம் பக்கத்துச் சாலையோரத்தில் அப்பா நெல் காயப் போட்டிருந்தார். அக்கா குந்தவையும் தங்கை சுடர்விழியும் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்தார்கள். பாதி தூரத்தில் குந்தவை நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"தலை சுத்துது. நெஞ்சு வேற படபடன்னு அடிக்குது. அம்மாகிட்ட சொல்லிடாத."

சுடர்விழிக்குக் காரணம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கபடிப் போட்டி. ஐம்பது கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட விடமாட்டார்கள். குந்தவை ஐம்பத்து மூன்று. அதனால் ஃபோனில் விளம்பரம் பார்த்து, உடம்பைச் சுத்தம் செய்யும் என்று ஒரு டீடாக்ஸ் பொடியும், எடை குறைக்கும் மாத்திரையும் வரவழைத்திருந்தாள். நான்கு நாளாகச் சோறு இல்லை. பொடியைக் குடிப்பதும் கழிப்பறைக்கு ஓடுவதும்தான் வேலை.

சுடர்விழி அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்தாள். கூடத்தில், அப்பா மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. குந்தவை முதல் வேலையாக அதில் ஏறினாள்.

"அம்பத்தொண்ணு. ரெண்டு கிலோ குறைஞ்சிருச்சு பாத்தியா?"

"பாத்தேன். முதல்ல உக்காந்து இதைக் குடி."

சுடர்விழி ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தாள். குந்தவை கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் குடித்தாள்.

"இப்ப ஏறுக்கா."

தராசு ஐம்பத்திரண்டு காட்டியது.

"ஒரு பாட்டில் தண்ணிக்கு ஒரு கிலோ ஏறிடுச்சு. அப்ப நீ எதைத்தான் குறைச்ச?"

குந்தவை தராசிலிருந்து இறங்கினாள்.

"நெல்லு மாதிரிதான்க்கா. ஈரம் போனா மூட்டை எடை குறையும், நெல்லு குறையுமா? ரொம்பக் காஞ்சா மில்லுல உடைஞ்சு நொய்யாப் போயிடும்னு அப்பா சொல்வாங்கல்ல."

"என்னைய நெல்லுங்கிற."

"நெல்லாவே இரு. நொய்யாயிடாதன்னுதான் சொல்றேன்."

குந்தவைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாத்திரை டப்பாவை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுடர்விழி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள என்ன இருக்குன்னே போடலையே. வயல்ல அடிக்கிற பூச்சிமருந்து டப்பாவுலகூட போட்டிருக்கும்."

"நான் போகலன்னா டீம்ல ஆறு பேருதான்டி. கேப்டன் வானதி என்னை நம்பித்தான் பேரு குடுத்திருக்கா."

"அது அப்புறம். அம்மா கொல்லையில இருக்காங்க. நான் பத்து எண்றேன். நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். ஒண்ணு, ரெண்டு..."

"பேச மாட்டேன் உங்கூட."

"பேசாத. மூணு, நாலு..."

ஏழு வந்தபோது குந்தவை எழுந்து கொல்லைப் பக்கம் போனாள்.

அம்மா திட்டவில்லை. டப்பாவையும் குந்தவையையும் ஒன்றாக ஆட்டோவில் ஏற்றி, சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். உடம்பில் நீரும் உப்பும் குறைந்துவிட்டதால்தான் தலைசுற்றல் என்றார் டாக்டர். நெஞ்சு படபடத்ததைக் கேட்டதும் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். மாத்திரையைத் திருப்பித் தரவே இல்லை.

மறுநாள் குந்தவை அணித்தலைவி வானதிக்கு ஃபோன் போட்டாள். சுடர்விழி பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டாள்.

"வானதி, நான் அம்பத்திமூணு. அம்பதுக்கு வர மாட்டேன். அந்தப் பொடியை நிறுத்திட்டேன்."

அந்தப் பக்கம் மெல்லிய குரல் கேட்டது.

"எனக்கும் மூணு நாளா தலை சுத்துதுடி. நீ குடிக்கிறேன்னுதான் நானும் வாங்கினேன்."

குந்தவை தங்கையைப் பார்த்தாள். சுடர்விழி ஃபோனில் வாயை வைத்துச் சொன்னாள்:

"வானதிக்கா, நீங்களும் டாக்டரைப் பாத்துடுங்க. வெயிட் பாக்காத ஆட்டமும் இருக்குல்ல? அதுல பேரு குடுங்க."

"அதுல எல்லாம் பெரிய பொண்ணுங்கடி."

"நீங்க சோறு சாப்பிட்டுட்டுப் போங்க."

டாக்டர் சரி என்ற பிறகுதான் குந்தவையும் வானதியும் எடை பார்க்காத போட்டியில் ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் வென்றார்கள், இரண்டாவதில் மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

மைதானத்து மதியப் பந்தியில் அணியின் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்து மூன்றாம் முறை சோறு கேட்டார்கள். வாளியோடு வந்த அண்ணன் அவர்கள் இலையைப் பார்த்தார்.

"கப் ஜெயிச்சது நீங்கதானாம்மா?"

"தோத்துட்டோம்ண்ணே," என்றாள் குந்தவை. "சாம்பாரு ஊத்துங்க."