இரண்டாம் தேதி மை

ஜெராக்ஸ் கடையில் ஆள் வராத மதிய நேரமாகப் பார்த்துத்தான் பள்ளிக்கூட நர்ஸ் வந்தாள். பின்னறையில் நிதானம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் நீதிமன்ற ஆவண அறையில் இருந்தவருக்கு ஊர் வைத்த பெயர் அது. வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். கடையை நடத்தும் மருமகள் நேர் எதிர். கேள்வி முடிவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள்.

“நீச்சல் பயிற்சியாளர் தப்பா நடந்துக்கறான்னு ஒரு பொண்ணு ரெண்டாம் தேதி எங்கிட்ட வந்து அழுதா” என்றாள் நர்ஸ். “அன்னைக்கே எழுதி ஆபீஸ் தபால் தட்டுல வெச்சேன். தலைமையாசிரியர் ஒரு நாளுக்குள்ள போலீசுக்குச் சொல்லணும், அதான் விதி. மறுநாளே அவன் லீவுல போயிட்டான். சரி, நடவடிக்கை எடுத்துட்டாங்கன்னு நம்பிட்டேன். இருபத்திரெண்டாம் தேதி பார்த்தா திரும்பி வந்து நிக்கறான்! நானே போலீசுக்குப் போன் பண்ணினேன்.”

“இப்போ?”

“அவன் ஜெயில்ல. பொண்ணு அத்தை வீட்ல பத்திரமா இருக்கா. ஆனா என் கடிதம் இருபத்திமூணாம் தேதிதான் வந்துச்சு, நான் முன்தேதி போட்டுட்டேன்னு தலைமையாசிரியர் சொல்றார். கடிதத்து மேல இருக்கிற வரவு முத்திரையும் அதையே சொல்லுது. வேலை கிடக்கட்டும் சார். நான் மூணு வாரம் வாயைத் திறக்கலைன்னு அந்தப் பொண்ணு நெனைக்கறா. என் ரூம் பக்கமே வரதில்ல.”

 விளக்கம் கேட்டுப் பள்ளிக்கூடம் அவளுக்கு அனுப்பிய நோட்டீசோடு வந்த கடித நகலை மருமகள் பிடுங்கிப் பார்த்தாள்.

“தலைமையாசிரியர்தான் மாமா! சந்தேகமே இல்ல. நகலைக்கூட ஒழுங்கா எடுக்கத் தெரியல பாருங்க. வெறும் பின்பக்கத்தையும் எடுத்திருக்காங்க, அதுல கறை வேற. மெஷின் கண்ணாடியைத் துடைக்கறதே இல்ல போல.”

“அப்போ முன்பக்கத்துலயும் அந்தக் கறை இருக்கணுமேம்மா” என்றார் நிதானம்.

மருமகள் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூட அலுவலகத்தில் அரை மணி நேரம் நிதானம் சும்மாவே உட்கார்ந்திருந்தார். உதவியாளர் அம்மா தபாலுக்கு முத்திரை குத்துவதை மட்டும் பார்த்தார். மை ததும்பத் ததும்ப ஒரு தாளில் குத்துவாள். அது காயும் முன்னே அடுத்த தாளை அதன் மேலேயே வைத்துக் குத்துவாள். கையெல்லாம் ஊதா.

பிறகு தலைமையாசிரியர் அறையில் எல்லோரும் கூடினார்கள். வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் அம்மா, நிதானம் கேட்டுக்கொண்டபடி அசல் கடிதத்தைக் கொண்டுவந்திருந்தார். நிதானம் நர்ஸின் அறையிலிருந்து வாங்கி வந்த சின்ன முகக்கண்ணாடியை அதன் பின்பக்கத்துக்கு எதிரே பிடித்தார்.

“படிங்கம்மா.”

இன்ஸ்பெக்டர் குனிந்தார். “வரவு... ரெண்டாம் தேதி.”

“கீழே இருந்த தாளோட ஈர முத்திரை இடவலம் மாறி இதுல ஒட்டியிருக்கு. ரெண்டாம் தேதி மை ரெண்டாம் தேதி மட்டும்தான் ஈரமா இருக்கும். இந்தக் கடிதம் அன்னைக்குக் கட்டு மேல இருந்திருக்கு. அதுக்கு முத்திரை விழறதுக்குள்ள யாரோ எடுத்துட்டாங்க. இருபத்திமூணாம் தேதி இதை யாரும்மா கொண்டாந்தது?”

“சார்தான்” என்றாள் உதவியாளர் அம்மா. “கையோட குத்திக் கொடுன்னாரு. ரெண்டாம் தேதி அன்னைக்கும் தட்டுல இருந்து ஏதோ எடுத்துட்டுப் போனாரு. நமக்கென்னன்னு இருந்துட்டேன்.”

தலைமையாசிரியர் கடிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். “பள்ளிக்கூடத்துப் பேரு கெடக்கூடாதுன்னுதான் அவனை லீவுல அனுப்பினேன். கெடு தாண்டிப் போச்சு, இனி சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு...”

“கெடு புள்ளைக்கு இல்ல சார்” என்றார் நிதானம், குரலை உயர்த்தாமலே. “அவ வளர்ந்து, கல்யாணமாகி, நரை விழுந்து வந்து சொன்னாலும் புகாரை வாங்கியே ஆகணும். ஒரு நாள் கெடு உங்களுக்குத்தான். அதைத்தான் நீங்க தாண்டிட்டீங்க.”

“அதுக்குத் தனி வழக்கு” என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

மருமகள் தெரு முழுக்க, “முதல்லயே சொன்னேன்ல மாமா!” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் அத்தையோடு நர்ஸ் அறை வாசலில் வந்து நின்றாள்.  நர்ஸ் நகலையும் கண்ணாடியையும் நீட்டினாள். பெண் கண்ணாடியில் அந்தத் தேதியைப் படித்தாள்.

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கேதான்டா.”

பெண் உள்ளே வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். “முட்டி உரிஞ்சிடுச்சு அக்கா. மருந்து போடுங்க” என்று காலை நீட்டினாள்.