மூன்றாவது தூணில் ஒரு பிணம்!

செல்போன் அலறியது!

சப்-இன்ஸ்பெக்டர் சுகன்யா மேரி டீ கிளாஸை வைத்துவிட்டு எடுத்தாள்.

"மூணு நாளா தேடுறீங்களே லியோ பிரபு... எங்க இருக்கான்னு தெரியணுமா?" கரகரத்த ஆண் குரல்.

"யாரு பேசுறது?"

"வில்வநத்தம் ஏரிப் பாலம்... புதுசா கட்டுன மூணாவது தூண். உடைச்சுப் பாருங்க. பாடி உள்ளதான் இருக்கு!"

டொக்.

லியோ பிரபு, அந்தப் பாலத்தை அகலப்படுத்தும் வேலையில் தரம் பார்க்கும் இன்ஜினீயர். காணோம் என்று புகார் கொடுத்த அவன் மனைவி கிறிஸ்டி, மூன்று நாளாக ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஏட்டு ஆண்டவர் அந்த நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டார்.

"ஸ்விட்ச் ஆஃப் மேடம். ஆனா பாலத்துக்கு நாளன்னைக்குத் திறப்பு விழா. ரிப்பன் கூட வாங்கியாச்சாம்!"

"பொணத்து மேல நின்னு ரிப்பன் வெட்டுவாங்களா?"

"தெரியாத வரைக்கும் வெட்டுவாங்க மேடம்!"

பிணம் என்றதும் அரசாங்கத்துக்குக் கால் முளைத்தது. பத்து மணிக்கு மேலிடத்து உத்தரவு. பதினொரு மணிக்கு, பிரேக்கர் மாட்டிய ஜேசிபி ஏரிக்கரையில் உறுமியது. பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் மைக்குகள் பறந்து வந்தன.

பாலத்தைக் கட்டிய கான்ட்ராக்டர் கலியபெருமாள் மூச்சிரைக்க ஓடி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை... இப்போது முகமும் வெள்ளை!

"மேடம், தூணைத் தொடாதீங்க!"

"உள்ள லியோ பிரபு பொணம் இருக்குன்னு தகவல்."

"இல்ல மேடம்! சத்தியமா இல்ல!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கலியபெருமாள் ஜேசிபியைப் பார்த்தார். தூணைப் பார்த்தார்.

பிறகு கத்தினார்.

"ஏன்னா... நான்தான் அவனைக் கொன்னேன்! பாடியைச் சுண்ணாம்புக்கல் குவாரியில தள்ளிட்டேன்! விலங்கு மாட்டுங்க, போவோம்!"

போலீஸ் ஜீப்பிலேயே கூட வந்திருந்த கிறிஸ்டி "ஐயோ!" என்று தரையில் சரிந்தாள்.

சுகன்யா புருவம் சுருக்கினாள். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் விலங்குக்கு இவ்வளவு அவசரப்பட்ட ஆளை அவள் பார்த்ததில்லை.

"எந்தக் குவாரி?"

"ஏ... ஏதோ ஒரு குவாரி மேடம்! அரியலூர்ல குவாரிக்கா பஞ்சம்?"

"எப்படிக் கொன்னீங்க?"

"எப்படிக் கொன்னா உங்களுக்கு எழுத வசதி?"

சுகன்யா ஜேசிபி பக்கம் திரும்பினாள்.

"உடைங்க!"

தட்... தட்... தட்... தட்!

நாலாவது அடியில் தூணின் மேல்பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. ஆறாவது அடியில் வயிறு கிழிந்தது.

பிணம் இல்லை.

கம்பியும் இல்லை!

கட்டை விரல் பருமனுக்கு இரும்பு இருக்க வேண்டிய இடத்தில்... வரிசையாக, பச்சை கூடக் காயாத மூங்கில்!

சுகன்யாவின் மகள் போகும் ஸ்கூல் வேன், நாளை மறுநாள் முதல் இதன் மேல்தான் போயிருக்கும்... நாற்பது குழந்தைகளோடு!

கலியபெருமாளின் சட்டையைப் பிடித்தாள்.

"செய்யாத கொலையை ஏன்யா ஒத்துக்கிட்டே?"

"கொலைன்னா ஒரே கேஸ் மேடம்..." அவர் அழுதார். "நான் பதினோரு பாலம் கட்டியிருக்கேனே!"

சுகன்யாவின் செல் அடித்தது. காலையில் வந்த அதே நம்பர்!

"பாடி கிடைச்சுதா மேடம்?"

"யாருடா நீ?"

"பின்னாடி பாருங்க."

பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரம், போனைக் காதில் வைத்தபடி நின்றான்... லியோ பிரபு!

முதலில் போய்ச் சேர்ந்தவள் கிறிஸ்டிதான்.

பளார்!

"மூணு நாளு... உனக்குச் சர்ச்சுல பூசை வைக்கச் சொல்லிட்டேன்டா, பாவி!" என்று, அடித்த அவன் கன்னத்தையே தடவிக்கொண்டு அழுதாள். "சாப்டியா?"

"போலீசை முட்டாளாக்குனியா?" என்று சுகன்யா சீறினாள். "பொய்த் தகவலுக்கு உள்ள தள்ளவா?"

"தள்ளுங்க மேடம். தூண்ல கம்பி இல்லன்னு நாலு எடத்துல மனு குடுத்தேன். ஒரு துண்டுக் கல்லைப் பேத்துப் பாக்கக்கூட யாரும் வரல. நாலாவது மனு உங்க ஸ்டேஷன்லதான். 'இது காவல்துறை வேலையில்லை'ன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுத் திருப்புனீங்க. பொணம்னேன்... ஜேசிபியோட வந்துட்டீங்க!"

சுகன்யாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கலியபெருமாளின் கையில் விலங்கை மாட்டினாள். கொஞ்சம் அழுத்தியே மாட்டினாள்.

ஆண்டவர் தலையைச் சொறிந்தார்.

"ஆளு கெடச்சாச்சு. காணாமப் போன கேஸை மூடிரலாமா மேடம்?"

"மூடாதீங்க. பேரை மட்டும் அடிச்சுட்டு... நாலு டன் இரும்புக் கம்பியைக் காணோம்னு எழுதுங்க!"