போர்வையின் உள்பக்கம்

மூன்றாவது ஆளின் முகத்திலிருந்து போர்வையை உரித்தபோதுதான் சைமி அதைக் கவனித்தாள். உரித்தபோது என்றுதான் சொல்ல வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரியில் நாள்கணக்காகக் கிடந்த கம்பளி, துணி மாதிரி மடங்காது. மரப்பட்டை மாதிரி விறைத்துக்கொண்டு கையோடு வரும். அதன் உள்பக்கத்தில், சரியாக வாய்க்கு மேலே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உறைபனி படிந்திருந்தது. வெள்ளையாக, பூனை ரோமம் மாதிரி, நகக்கனத்துக்கு.

வெளிப்பக்கத்தில் இருந்தால் அது வழியில் விழுந்த பனி. உள்பக்கத்தில் எப்படி வந்தது?

"மார்த்தா, இங்க வந்து பாருங்களேன்."

மார்த்தா அடுப்புக்கு முன்னால் குனிந்து பிர்ச் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரி. பெண்கள் தொண்டர்படையின் சாம்பல் நிற உடுப்பு அவள் தோளில் பிதுங்கிக்கொண்டு நிற்கும்.

"என்ன, எந்திரிச்சு உக்காந்துட்டானா?"

"போர்வைக்கு உள்ளாற பனி படிஞ்சிருக்கு."

"பிப்ரவரியில பனி படியாம பூவா பூக்கும்? காலைப் பிடி. இவனை மேல் பலகையில போடலாம். அப்பப்பா, என்ன கனம்! டேய் தம்பி, உங்க அம்மா உனக்கு வெண்ணெயை அள்ளி அள்ளிப் போட்டிருக்கா."

செத்தவர்களோடு மார்த்தா இப்படித்தான் பேசுவாள். பேசாவிட்டால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஏரிக்கரையில் இருந்த சவுனா அது. ஊரே சனிக்கிழமை சாயங்காலம் ஆவியில் குளித்த இடம். இப்போது மூன்று மாதமாகப் போர். போர்முனையில் விழுந்த பிள்ளைகளை யாரும் அங்கேயே புதைப்பதில்லை. ஒவ்வொருவனும் அவனவன் ஊர் தேவாலயத்து மண்ணுக்குத் திரும்பியாக வேண்டும். ஆனால் அவர்கள் உறைந்து வருவார்கள். ஒருவன் கையைத் தூக்கியபடி, ஒருவன் முழங்காலை மடக்கியபடி. அப்படியே பெட்டிக்குள் வைக்க முடியாது. அதனால் குளித்த அதே பலகைகளில் கிடத்தி, அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு, ஒரு முழுநாள் இளக விடுவார்கள். பிறகு நீட்டி, கழுவி, வெள்ளைக் காகிதச் சட்டை போட்டுப் பெட்டியில் வைப்பார்கள். வில்ஹோ கிழவர் குதிரைச் சறுக்குவண்டியில் ரயிலடிக்குக் கொண்டுபோவார்.

அறைக்குள் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. உருகும் சட்டைகளிலிருந்து, தலைமுடியிலிருந்து. ஈரக்கம்பளி வாசனை, புகை வாசனை, அதற்கும் அடியில் தித்திப்பாக இன்னொன்று. சின்ன ஜன்னலுக்கு வெளியே மணி இரண்டரைதான் ஆகியிருந்தது. அதற்குள் பனிமேல் வெளிச்சம் நீலமாகிவிட்டது.

சைமி அவனுடைய சட்டைப் பொத்தானில் தொங்கிய அட்டைச் சீட்டைத் திருப்பினாள். பெயர், தேதி, இறந்ததாகச் சொன்னவரின் கையெழுத்து. அது அவளுடைய கையெழுத்து.

இங்கே வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஏழு வாரம் அவள் போர்முனைக்குப் பின்னால் ஒரு கூடார மருத்துவமனையில் இருந்தாள். நகரத்து மருத்துவமனையில் எட்டு வருடம் வேலை பார்த்த நர்ஸ் என்பதால் டாக்டர் அவளை வாசலில் நிறுத்தியிருந்தார். வண்டி வண்டியாக வருகிறவர்களைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். உயிர் இருந்தால் இடப்பக்கம், அடுப்பெரியும் கூடாரம். இல்லாவிட்டால் சீட்டு கட்டி வலப்பக்கம், விறகுக் கொட்டகை.

"சிஸ்டர், முப்பது வரைக்கும் எண்ணுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள மூச்சு தெரிஞ்சா உள்ள. தெரியலன்னா கொட்டகை. முப்பதுக்கு மேல எண்ண நமக்கு நேரம் கிடையாது."

மூச்சு படிகிறதா என்று மூக்கருகே பிடித்துப் பார்க்கும் முகக்கண்ணாடி அந்தக் குளிரில் தானாகவே வெளுத்துவிடும். நாடி பார்க்க அவள் விரல்நுனிகளில் உணர்வே இல்லை. கடைசியில் அந்த விரல்கள் கறுத்ததால்தான் இங்கே அனுப்பினார்கள். உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டு எண்ணினாள். நாற்பது பேர் வரிசையில் கிடந்த நாளில், படிக்கட்டில் இறங்கி ஓடுகிறவள் மாதிரி எண்ணினாள். அது அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். நகரத்தில் ஒரு குடிகாரனைத் துறைமுகத்தில் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். நிமிடத்துக்கு ஒருதரம்கூட மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டான்.

சுவரோரம் கிடந்த மற்ற இரண்டு போர்வைகளையும் அவள் எடுத்துப் பார்த்தாள். முதலாவது இன்னொரு நர்ஸ் சீட்டு கட்டிய ஆளுடையது. உள்பக்கம் வெறும் கம்பளி. இரண்டாவது அவள் சீட்டு கட்டியது. அதன் உள்பக்கம் நனைந்திருந்தது. நடுவில் மட்டும் உருகாமல் ஒரு வெள்ளை வட்டம் மிச்சமிருந்தது.

வெளியே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

மேல்கோட்டுகூடப் போடாமல் அவள் ஓடினாள். வண்டியில் மூன்று பெட்டிகள். வில்ஹோ வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு முதல் பெட்டிமேல் குனிந்திருந்தார். குதிரை மூக்கிலிருந்து ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

"அது யாரு?"

"அர்வி. தச்சன் மகன். நேத்து நீங்கதான சிஸ்டர் குளிப்பாட்டினீங்க."

"மூடியைத் திறங்க."

அவர் ஆணிகளைக் கையில் துப்பினார். "மூணரை ரயிலு. அங்க அவன் அம்மா பிளாட்பாரத்துல நிக்கிறாங்க. மூடின பெட்டியைத் திறக்கற வழக்கம் எங்கயுமில்ல."

"ஒரு நிமிஷம் வில்ஹோ. தயவுபண்ணி."

"நீங்க அழுது பனியில நிக்காதீங்க. கண்ணிமை ஒட்டிக்கும்." முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரை நுனியைக் கொடுத்து மூடியை நெம்பினார்.

அர்வி செத்துத்தான் இருந்தான். நேற்று அவள் கையாலேயே புரட்டிக் கழுவியவன். முதுகில் ரத்தம் தங்கிக் கறுத்திருந்த திட்டைப் பார்த்தவள். அதில் சந்தேகமில்லை. ஆனால் வில்ஹோ நிமிர்த்திப் பிடித்திருந்த மூடியின் உள்பக்கத்தில், முகத்துக்கு நேர் மேலே, அதே உள்ளங்கை அளவு வெள்ளை.

"அது என்ன?"

"எது? ஓ, இதுவா. சூடான அறையில கழுவி நேரா வெளிய கொண்டாந்தா ஆவி கிளம்பிப் படியத்தான செய்யும். ஈரத்துணியை வெளிய போட்டா புகையல?"

"வாய்க்கு மேல மட்டுமா?"

"உடம்பெல்லாம் சட்டை மூடியிருக்கு. முகம்தான வெறுமே இருக்கு. போங்க சிஸ்டர், போயி ஏதாவது சாப்பிடுங்க. தூங்கி எத்தனை நாளாச்சு?"

அவர் சொன்னது சரிதான். ஆவி. வெறும் ஆவி. ஆணிகள் ஒவ்வொன்றாக இறங்கும்வரை நின்று கேட்டாள். வண்டி வளைவில் மறைந்தது. குதிரைக் கழுத்து மணிகளின் சத்தம் தேய்ந்தது.

அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது. உள்ளே கிடக்கும் மூன்றாமவன் இன்னும் சூட்டையே பார்க்கவில்லை. போர்வையை உரித்த நேரத்தில் அவன் கல்லாக இருந்தான். அவன் போர்வையில் எந்த ஆவி படியும்?

உயிரோடு இருந்தவனின் ஆவி. வேறு எதுவும் இல்லை. விறகுக் கொட்டகையில், போர்வைக்கு அடியில், அவள் போன பிறகு எவ்வளவு நேரம்? அரைமணியா? ஒரு ராத்திரியா?

அவள் திரும்பித் தேவாலயத்துத் தானியக் கிடங்கைப் பார்த்தாள். ஏரிக்கரை மேட்டில் கறுப்பாக நின்றது. இன்று காலையில் வந்த பதினெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். வில்ஹோ இறக்கும்போதே சீட்டுகளைப் பார்த்திருந்தாள். பதினெட்டில் பதினாறு அவளுடையவை.

உள்ளே வந்து லாந்தரை எடுத்தாள். மார்த்தா பட்டாணி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆறுறதுக்குள்ள குடி, பொண்ணே."

"கிடங்குக்குப் போயிட்டு வரேன்."

"எதுக்கு? அவங்க முறை நாளைக்கு. எங்கயும் ஓடிப்போயிட மாட்டாங்க."

"ஒருத்தனாவது உயிரோட இருந்தா?"

மார்த்தாவின் கரண்டி நின்றது. சைமி ஒரு கேலியை எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அவங்க விழுந்து ஆறு நாளாச்சு" என்றாள் மார்த்தா கடைசியில். குரல் வேறு மாதிரி இருந்தது. "நானும் பாத்திருக்கேன். நீ கட்டுன சீட்டு உள்ளவங்க போர்வையை. முதல் நாளே பாத்தேன். சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டேன். போகாத. சூப்பைக் குடி. நாளைக்கு வெளிச்சத்துல ரெண்டு பேரும் போலாம்."

"நாளைக்குள்ள அவன் செத்துடுவான் மார்த்தா."

"எவன்?"

சைமி லாந்தரோடு வெளியே இறங்கினாள்.

மேட்டுக்குப் போகும் பாதையில் பனி காலுக்கடியில் கரகரத்தது. மூக்குக்குள் ரோமங்கள் ஒட்டிக்கொண்டன. மரங்கள் குளிர் தாங்காமல் எங்கேயோ தூரத்தில் வெடித்தன, துப்பாக்கி மாதிரி, ஒவ்வொரு தடவையும் அவள் தோள் துள்ளியது. லாந்தர் வெளிச்சம் ஆடியது. காலையில் அவர்களை இறக்கிய வண்டியின் தடம் மட்டும். மனிதக் காலடி எதுவும் புதிதாக இல்லை. கிடங்கில் அடுப்பு கிடையாது. ஜன்னல் கிடையாது. கதவுக்கு ஒரு மரத்தாழ்ப்பாள், அவ்வளவுதான். வெளிப்பக்கம்.

தாழ்ப்பாளைத் தொடக் கையை நீட்டினாள்.

தாழ்ப்பாள் ஈரமாக இருந்தது.

கதவிடுக்கு முழுவதும், மேலிருந்து கீழ்வரை, அடர்த்தியாக வெள்ளை ரோமம் முளைத்திருந்தது. உள்ளேயிருந்து கசிந்து வந்தது. காலையில் அது இல்லை.

போய்விடலாம். சூப் ஆறும்.

ஒருவன் இருந்தால்?

தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு ஒட்டிக்கொண்டு நின்றது. காலை ஊன்றி இழுத்தாள். விட்டது.

வெதுவெதுப்பான மூடுபனி அவள் முகத்தில் மோதியது. மாசிக்குளிரில் மாட்டுக்கொட்டகையைத் திறந்தால் வருமே, அப்படி. கெட்டியாக, வெள்ளையாக, காலைச் சுற்றி உருண்டு வெளியே போயிற்று. ஆனால் அதில் மாட்டு வாசனை இல்லை. புகையிலை. கம்பு ரொட்டி. கழுவாத பல். ஒரே அறையில் நெருங்கிப் படுத்துத் தூங்கும் ஆம்பிளைகளின் வாய் வாசனை.

சத்தமும் இருந்தது. உள்ளே இழுத்து, வெளியே விட்டு. பல பேர். மெதுவாக.

லாந்தரைத் தூக்கினாள்.

சத்தம் நின்றது.

எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

மூடுபனி மெல்ல விலகியது. பதினெட்டுப் போர்வைகள். இரண்டு வரிசை. பதினாறில், வாய் இருக்கும் இடத்தில், ஈரமாக ஒரு கறுப்பு வட்டம். எதுவும் அசையவில்லை. விறைத்த கால்கள். கல்லாகிப்போன கைகள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்ததும் நோயாளி அடக்கிக்கொள்வானே, அப்படி அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். அவள் எண்ணி முடித்து நகர்ந்து போகட்டும் என்று காத்திருந்தார்கள்.

சைமியும் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஏனென்று தெரியவில்லை. லாந்தர் திரி மட்டும் சிர்ரென்றது.

நேரம் போயிற்று.

முன்வரிசையில், அவள் காலுக்குப் பக்கத்தில் கிடந்தவனால் அதற்கு மேல் முடியவில்லை. அவன் போர்வையின் வட்டம் மெல்ல உள்ளே குழிந்தது. பிறகு உப்பியது. அதன் நடுவிலிருந்து, வெள்ளையாக, நூல் மாதிரி, ஒரு மூச்சு கிளம்பி அவள் முகத்தை நோக்கி ஏறி வந்தது.