படகில் வந்த சொல்

மணி ஒன்பது. ஆகஸ்ட் மாதத்து வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அப்போதுதான் மூடுபனி வந்து ஷெட்லாந்துக் கரையை மறைத்தது.

அப்பா கிடியனும் லௌரி மாமாவும் துடுப்புப் போட்டார்கள். இருவருக்கும் முதுகுப்பக்கம் கரை. முகப்பில் பத்து வயது ஓஸ்லா உட்கார்ந்திருந்தாள். வழி பார்ப்பது அவள் வேலை.

"கண்ணத் தொறந்து வை. வாய மூடி வை," என்றார் மாமா.

"அப்ப பாறை வந்தா எப்படிச் சொல்றது?"

அப்பா சிரித்தார். "வாய் மட்டும் அப்படியே உங்க குடும்பம், மச்சான்."

மாமா சிரிக்கவில்லை. கடலில் சில சொற்களைச் சொல்லக் கூடாது. வீடு, அம்மா, பூனை, விளக்கு. அவற்றுக்குக் கடலில் வேறு சொற்கள் உண்டு. பூனைக்கான சொல் மட்டும்தான் ஓஸ்லாவுக்குத் தெரியும்.

மாமாவின் மகன் ரஸ்மி கடலில் மூழ்கிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்று படகில் யாரோ 'விளக்கு' என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு மாமா படகில் அதிகம் பேசுவதில்லை.

ஓஸ்லாவுக்கு இடது பக்கம் அலை பாறையில் மோதியது. சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஓஸ்லா எழுந்து நின்றாள். "அதோ!"

இருவரும் திரும்பினார்கள். பனிதான் தெரிந்தது.

"என்னடி அது? பாறை மேல நுரையா?" என்றார் அப்பா. "சீக்கிரம் சொல்லு!"

அம்மா ஜன்னலில் வைத்த விளக்கு. அந்தச் சொல் ஓஸ்லாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாமாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் படித்த ஓர் ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்தது.

"கிளிம்மர்!"

மாமாவின் துடுப்பு நின்றது. "என்ன சொன்னே?"

"புத்தகத்துல இருக்கு மாமா. மங்கலா, விட்டு விட்டு மினுங்குமே, அது."

"கரைச் சொல்லா?"

மறுபடி அலை மோதியது. தண்ணீர் முகத்தில் தெறித்தது.

"இல்ல மாமா. அது வடக்குலேருந்து வந்திருக்கும்னு டீச்சர் சொன்னாங்க. நம்ம பழைய ஆளுங்க பேச்சாம். அவங்க எல்லாரும் இந்தத் தீவுக்குப் படகுலதானே வந்தாங்க?"

"படகுல," என்றார் மாமா மெதுவாக.

"மச்சான், துடுப்பப் போடு!" என்றார் அப்பா.

"எந்தப் பக்கம்?" என்றார் மாமா.

"என் வலது கைப்பக்கம்!" என்றாள் ஓஸ்லா.

இருவரும் துடுப்பை வலித்தார்கள். ஓஸ்லா கையை நீட்டியபடியே நின்றாள். பாறைச் சத்தம் பின்னால் போனது. கொஞ்ச நேரத்தில் படகின் அடி மணலில் உரசியது.

அப்பா கயிற்றோடு குதித்தார். ஜன்னலைத் திறந்து அம்மா யாரையோ திட்டுவது கேட்டது. அப்பாவைத்தான்.

மாமா இறங்கவில்லை. ஈரத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஓஸ்லா, படகுல வந்த சொல்லு இன்னும் ஏதாச்சும் இருக்கா?"