நாலிலிருந்து ஐந்து வரை

அமைதியின் விலை நாற்பத்தொரு லட்சம் குரோனர். டோர்டிஸ் பேரம் பேசி முப்பத்தெட்டுக்கு முடித்தாள். பெர்கன் துறைமுகச் சந்தையில் முப்பது வருடம் மீன் விற்றுச் சேர்த்ததெல்லாம், தனியாக நிம்மதியாக இருக்க வாங்கிய அந்தப் பழைய மரவீட்டுக்குள் போயிற்று. கடைசி நிமிடத்தில், சுவரில் மாட்டியிருந்த வைஃபை ரவுட்டரையும் இலவசமாகக் கறந்துவிட்டாள். பழைய சொந்தக்காரர் மறுக்கவே இல்லை. முதல் கோளாறு அதுதான். கேட்டதும் கொடுக்கிற மனிதரை அவள் சந்தையில் பார்த்ததே கிடையாது.

டிசம்பர் மாதம். மூன்றரைக்கே இருட்டி, கூரையில் மழை சரளை கொட்டுவதுபோல் இரைந்துகொண்டிருக்க, ஈர மரமும் ஆறிய காபியும் மணக்கும் அடுக்களையில் உட்கார்ந்து, கைபேசியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். இணைந்திருப்பவை இரண்டு என்றது. ஒன்று 'டோர்டிஸ்', அவள் கைபேசி. மற்றது 'மாடி அறை'.

மாடி அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை.

தலைக்கு மேல் பலகை கிறீச்சிட்டது. ஓர் அடி. இன்னோர் அடி.

பிள்ளைகளின் இணைய நேரத்தைக் கட்டுப்படுத்த ரவுட்டரில் வைத்திருக்கும் 'நிறுத்து' பொத்தானை, 'மாடி அறை'க்கு எதிரே அழுத்தினாள். நடை பாதியில் நின்றது. கால் மணி நேரம் கழித்து விடுவித்தாள். தூக்கியிருந்த மறு கால் அப்போதுதான் பலகையில் இறங்கியது.

ரவுட்டரையே பிடுங்கிப் பார்த்தாள். மேலே அந்தக் காலடி ஓட ஆரம்பித்தது. உடனே மறுபடி செருகினாள்.

அதற்காக வீட்டை விடுவதா? படிக்கட்டின் அடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இந்தாப்பா, வீடு என்னோடது. நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நடந்துக்கோ. அதுக்கு மேல ஓர் அடி வச்சே, நிறுத்திப்புடுவேன். ஒரே விலைதான்."

ரவுட்டரில் 'மாடி அறை'க்கு நேர வரம்பு போட்டாள். ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது.

எட்டாம் நாள் ஐந்தே காலுக்கு, படிக்கட்டின் உச்சியில் காலடி கேட்டது. வரம்பை யாரோ அழித்திருந்தார்கள். தம்பி சிக்வேயை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, ரவுட்டர் பெட்டிக்கு அடியில நிர்வாகி பாஸ்வேர்டு ஒட்டியிருக்குமே, அதை மாத்துனியா?"

"வேலை செய்யுதேன்னு விட்டுட்டேன்டா."

"நல்லாருக்கு போ! மீன் வாங்குறவனை மட்டும் செவுளைத் திறந்து பாக்கச் சொல்லுவே. அந்தப் பாஸ்வேர்டு தெரிஞ்ச எவனும் உள்ள பூந்து உன்னையே நிறுத்திடலாம்."

"யாரு, என்னையா? வை போனை."

புதிய பாஸ்வேர்டைத் தட்டினாள். பின்னால் ஒரு படி. மழை. இன்னொரு படி. குளிர்ந்த உப்பு வாடை. அவள் திரும்பவில்லை.

"வா, வா. யாரு வீடுன்னு பாத்துரலாம்."

'சேமி' பொத்தானை நோக்கி விரலை இறக்கினாள்.

விரல் இறங்கவில்லை. மயிரிழை தூரம். இமை அசையவில்லை. மூச்சு பாதியில். கோபம் மட்டும் உள்ளே முழுசாக.

கடைசிப் படி கிறீச்சிட்டது.

திரையில் பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

மாடி அறை: வரம்பு இல்லை.
டோர்டிஸ்: நாலிலிருந்து ஐந்து வரை.