பதினைந்து கிலோ ஈயம்

ஒற்றைக்கூண்டு அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக "மறுப்பு" என்றது. உள்ளே நின்ற இஞ்ஞாசி மோத்தா கூரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கூண்டு கும்பிடுக்கெல்லாம் மசியாது. பின்கதவு திறந்தது, வந்த வழியே போ என்று அர்த்தம். வரிசையில் நின்ற முப்பது பேரும் செல்பேசியில் ஏதோ படிப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

தருவைக்குளத்துக்கு வடக்கே கடலை ஒட்டி நிற்கிற அந்தத் தரவுக் கிடங்கில் நான்கு கோடிப் பேரின் நோய்க்குறிப்புகள் இருக்கின்றன. யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் குழந்தை தங்கவில்லை, யாருக்குப் புத்தி பேதலித்தது, எல்லாம் அங்கே உண்டு. அதனால் உள்ளே போகிறவர்கள் ஒவ்வொருவராகத்தான் போகவேண்டும், முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் ஒட்டிக்கொண்டு நுழைந்துவிடக் கூடாது. அதற்குத்தான் ஒற்றைக்கூண்டு. இரண்டு கதவு, நடுவில் ஓர் ஆள் நிற்க இடம். தரை எடை பார்க்கும், சுவர் இதயத்துடிப்பைக் கேட்கும். பதிவான எடைக்கும் அன்றைய எடைக்கும் மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கதவு திறக்காது. ஏன் திறக்கவில்லை என்றும் சொல்லாது. சொல்லக்கூடாது என்பது விதி.

விதியை எழுதியவள் ஆவுடை, கிடங்கின் காப்பு அலுவலர். அவள்மேல் சட்டென்று பழி போட்டுவிடக் கூடாது, அவள் பட்டது அப்படி. ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவள் கூண்டுக்குள் நின்றபோது சங்கு ஊதியது. கூண்டின் வெளிப்பலகையில் சிவப்பு எழுத்தில் "இரண்டு இதயம்" என்று வந்தது. துப்பாக்கியோடு ஓடிவந்த காவலாளிகள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கே அதுவரை தெரியாத பிள்ளை, புருஷனுக்கு முன்னால் வரிசைக்கே தெரிந்துபோனது. மூன்றாம் மாதம் அது தங்காமல் போய் அவள் வேலைக்குத் திரும்பியபோது, பலகை "ஒரு இதயம்" என்றது. அதையும் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். எந்த எதிரிக்கும் அந்த நாள் வரக்கூடாது.

அப்படிப் பிறந்ததுதான் மறதி விதி. பதிவு எடை ஒன்றைத் தவிர, கூண்டு தான் அளந்த எதையும் ஏழாவது நொடியில் மறந்துவிடும். எவருக்கும் சொல்லாது. அளக்கப்பட்ட ஆளுக்கும் சொல்லாது. ஏனென்றால், "நீயே கேட்டு வாங்கி எங்களிடம் கொடு" என்று மேலாளர்கள் மிரட்டிக் கையெழுத்து வாங்கிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. எலும்பில் தகடு வைத்தவர்களைக் காட்டிக்கொடுக்கிறது என்று, உலோகம் தேடும் வளையத்தையும் ஆவுடை கழற்ற வைத்தாள். கூண்டு பூட்டிக்கொண்டால் கண்ணாடி பால்போல் வெளுத்து உள்ளே இருப்பவரை மறைப்பதுகூட அவள் யோசனைதான். நாடு முழுக்க இதைப் பார்த்துக் காப்பியடித்தார்கள்.

மோத்தா நேரே அவள் அறைக்கு வந்தார். கிடங்கைக் குளிரவைக்கும் கடல்நீர்ப் பம்புகளைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர்.

"மேடம், இந்தச் சனியன் என்னைய மட்டும் எதுக்குத் தொரத்துது? ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்களேன்."

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி. பாக்கவும் கூடாது."

"எனக்காவது அது சொல்லலாம்லா? என் உடம்புதான?"

"உங்களுக்கும் சொல்லக்கூடாது."

"நல்லாருக்கே கத!"

ஆவுடை அவர் கழுத்தைப் பார்த்தாள். சட்டைக் காலர் தொளதொளவென்று இருந்தது. கண்கள் கொஞ்சம் பிதுங்கியிருப்பதாகவும் பட்டது. கேட்டுவிடலாமா? கேட்டால் அது உடம்பு விசாரணை, அவளே எழுதிய பதினோராம் பிரிவுக்கு விரோதம். கேட்கவில்லை.

"மாசத்துல நாலு மறுப்பு ஆச்சுன்னா மறுபதிவு பண்ணணும். அதுக்கு டாக்டர் சீட்டு வேணும். நீங்களாவே முன்னாடி போய்க் காமிச்சிருங்களேன்."

"டாக்டர் எழுதுத சீட்டு எங்க வரும்? இங்கதான வரும்? நான் தண்ணி பாய்ச்சுத அடுக்குலயே எம்பேரும் வந்து உக்காந்துரும். சீக்காளின்னு தெரிஞ்சா பம்பு பக்கம் விடுவாவளா?"

"யாராலயும் படிக்க முடியாது அண்ணாச்சி. அதுக்குத்தான இம்புட்டுப் பூட்டும்."

"நீங்க சொல்லுவீய," என்று சிரித்துவிட்டுப் போனார் மோத்தா.

ஞாயிற்றுக்கிழமை அவர் மீன் ஏலக்கூடத்துக்குப் போய், ஐஸ் பெட்டி நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். பதிவு எடை எழுபத்து நாலு. தராசு எழுபது காட்டியது. சிக்கல் பிடிபட்டுவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். என்ன மனுஷன்! நாலு கிலோ எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லை, நாலு கிலோவை எங்கே வைத்துக் கட்டுவது என்றுதான் தோன்றியது. அப்பாவின் பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அறுத்தெடுத்து, கிழிந்த சேலையில் பட்டை தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமை கூண்டு "வருக" என்றது.

அப்புறம் ஞாயிறுதோறும் தராசு, ஞாயிறுதோறும் இன்னும் ரெண்டு குண்டு. எட்டு மாதத்தில் நாலு கிலோ ஆறாகி, பத்தாகி, பதினைந்தாகிவிட்டது. துடிப்பு வேகமாகத்தான் இருந்தது. ஆனால் அவசரமாக ஓடிவருகிறவனுக்கும் துடிப்பு ஏறும் என்பதால் கூண்டு அதில் தாராளம் காட்டும். ஆவுடையின் மாதாந்திர அறிக்கையில் மறுப்பு பூஜ்யம். அவளுக்கு நிம்மதி.

"என்ன அண்ணாச்சி, கூண்டு பழகிட்டு போல?" என்பாள், வழியில் கண்டால்.

"ராசியாயிட்டோம் மேடம்," என்பார் மோத்தா, மூச்சு வாங்கிக்கொண்டே.

வருடாந்திரத் தணிக்கைக்குத் தலைநகரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலை பத்தரைக்கு ஆவுடை அவர்களுக்குக் கூண்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே போனவர் மோத்தா. பின்கதவு மூடியது. முன்கதவு திறக்கவில்லை. கண்ணாடி பால்போல் வெளுத்தது. பலகையில் "மறுப்பு". இந்த முறை பின்கதவும் திறக்கவில்லை. துடிப்பு தாராள வரம்பையும் தாண்டிவிட்டால், உள்ளே நிற்பவன் வேற்றாள் என்று கூண்டு முடிவு கட்டிவிடும். ஒன்பது நிமிடம் இரண்டு பக்கமும் பூட்டி வைக்கும்.

காவலாளி ஐகோர்ட்துரை காதைக் கண்ணாடியில் வைத்துக் கேட்டான். "மேடம், உள்ள ஏதோ விழுந்த சத்தம் கேக்கு."

"என்ன சத்தம்?"

"இரும்பு விழுந்த மாதிரி."

"உங்க விதிப்படி இப்ப என்ன செய்வீங்க?" என்று மூத்த தணிக்கையாளர் மரியாதையாகக் கேட்டார்.

முதன்மைச் சாவி ஆவுடையின் கழுத்தில் தொங்கியது. அதைத் திருப்பினால் கதவு திறக்கும், கூண்டு அந்த நொடியில் அளப்பதும் பலகையில் வரும். ஆறு வருடத்தில் அவள் அதைத் திருப்பியதே இல்லை. திருப்பினால் கிடங்கின் சான்று போகலாம். மோத்தா இரும்பு எதையாவது உள்ளே கொண்டுபோயிருந்தால்? இல்லை, உடம்புக்குத்தான் ஏதோ என்றால், அந்த மனுஷனின் துடிப்பை நாலு பேர் முன்னால் எழுதிக் காட்டுவதா? சிவப்பு எழுத்து அவள் கண்ணில் நின்றது. ஒரு நிமிடம் போனது. இரண்டு. மூன்று.

"மோத்தா அண்ணாச்சி! கேக்குதா?"

பதில் இல்லை. நாலாவது நிமிடத்தில் சாவியைத் திருப்பினாள். பலகையில் எழுத்து வந்தது: எடை எழுபத்து நாலு. துடிப்பு இல்லை.

ஐகோர்ட்துரை தனியாகத் தூக்கிப் பார்த்தான், அவர் எழும்பவில்லை. "எலும்பும் தோலுமாக் கெடக்காரு, என்னா கனம் கனக்காரு!" என்று ஐகோர்ட்துரை இடுப்பில் கைகொடுத்தான். பட்டை கிழிந்தது. ஈயக்குண்டுகள் தரையெல்லாம் உருண்டு தணிக்கையாளர்களின் காலடிவரை போயின.

மருத்துவமனையில் டாக்டர் மோத்தாவின் மனைவி செலினிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற ஆவுடையும் கேட்டாள்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செஞ்சிருக்கும்மா. அதுதான் ஆளை உருக்கி இதயத்தையும் கெடுத்திருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்கும். வேலையைக்கூட விடவேண்டாம். இப்படி மெலிஞ்சது ஒருத்தர் கண்ணுலயும் படலயா?"

ஆவுடை அந்தச் சட்டைக் காலரை நினைத்தாள். அவள் கண்ணில் பட்டிருந்தது.

"அவருக்கு எப்ப உயிர் போச்சு மேடம்?" என்று செலின் கேட்டாள். "ரொம்பத் துடிச்சாரா? கூண்டுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

கூண்டுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு துடிப்பையும் கேட்டது, ஒவ்வொன்றையும் ஏழாவது நொடியில் மறந்தது. ஆவுடை செலினின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவி, வேறென்ன செய்வாள்?

தணிக்கை அறிக்கை பத்து நாளில் வந்தது. அந்தரங்கக் காப்பு: நூற்றுக்கு நூறு. சாவி திருப்பியது: ஏற்கத்தக்க மீறல். குறை: எட்டு மாதமாக அனுமதியில்லாத உலோகம் உள்ளே போய்வந்திருக்கிறது. சான்று புதுப்பிக்கப்பட்டது.

ஆவுடை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டாள்: எல்லாரும் தயவுசெய்து ஒருமுறை உடம்பைக் காட்டிக்கொள்ளுங்கள். மோத்தா செத்த விதம் ஊருக்கே தெரியும். அதைக் கேட்டாவது நாலு பேர் டாக்டரிடம் போவார்கள் என்று நம்பினாள். மறுபதிவுக்கு ஒருவரும் வரவில்லை. அந்த மாதக் கணக்கில் அன்றுவரை மற்றவர்கள் எவருக்கும் ஒரு மறுப்புகூட இல்லை. இருந்த மூன்று மறுப்பும் அவளுடையவை. அவளுக்குச் சோறு இறங்கி ஒரு மாதமாகிவிட்டது.

மறுநாள் காலை நாலாவது மறுப்பு வந்துவிடுமோ என்று கூண்டின் வாசலில் தயங்கி நின்றபோது, ஐகோர்ட்துரை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"எத்தன கொறையுது மேடம்? நாலா, அஞ்சா?"

மேசை இழுப்பறையைத் திறந்தான். உள்ளே ஈயக்குண்டுகள், பெரிதும் சிறிதுமாக.

"பஜார்ல இப்ப குண்டுக்குத் தட்டுப்பாடு. நம்மாளுவ அத்தன பேரும் வாங்கிட்டாவ. உங்களுக்குன்னா நான் தாரேன்."

ஆவுடை திரும்பி வரிசையைப் பார்த்தாள். முப்பது பேரும் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலருடைய இடுப்பு புடைத்திருந்தது. நாலாவது மறுப்பு என்றால் டாக்டர் சீட்டு, சீட்டு என்றால் உள்ளே ஓர் அடுக்கில் அவள் பெயர். அந்த அடுக்குகளை எவராலும் படிக்க முடியாது என்று நாடு முழுக்கப் போய்ச் சொன்னவள் அவள்.

கையை நீட்டினாள்.