மூன்றாவது துண்டையும் கேட்டார்!

"ஆ...!"

ஜெலுத்தோங் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவரின் கத்தி அந்தரத்தில் நின்றது. எதிர்ப் பட்டறையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் ஸ்பேனரைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். சாலையில் போன பஸ்கூட ஒரு நொடி தயங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலறியவர் பழனியப்பன்.

அலறிய இடம், அவருடைய கேக் சாமான் கடையின் பின்பக்கக் கழிவறை.

ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக நிறம் விற்கிறவர். பினாங்கில் வீட்டிலேயே கேக் சுடும் பெண்களில் பாதிப் பேர் அவரிடம்தான் கலர் வாங்குகிறார்கள். பாட்டில் பாட்டிலாக, தூள் தூளாக, வானவில்லைப் பிழிந்து அலமாரியில் அடுக்கிய மாதிரி ஒரு கடை. உலகத்தில் எத்தனை சிவப்பு உண்டோ, அத்தனையும் பார்த்தவர்.

இந்தச் சிவப்பைப் பார்த்ததில்லை.

வெள்ளைப் பீங்கானில்... பளபளவென்று... அவரிடமிருந்தே வந்த சிவப்பு!

கதவு தட்டப்பட்டது.

"அண்ணே, பாம்பா?" கல்லாவில் உட்காரும் வடிவம்மாளின் குரல்.

"ஒண்ணுமில்ல. போ."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தச் சத்தம்? ரெண்டு கஸ்டமர் ஓடிட்டாங்க. ஒரு அக்கா முட்டைத் தட்ட அப்படியே கீழ போட்டுட்டாங்க. யாருலா தொடைக்கிறது?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. மூளைக்குள் ஒரு கடிதத்தின் வரிகள் மட்டும் ஓடின.

'மதியம் என் தங்கைக்குச் சிறுநீர் சிவந்தது. மாலையில் தொண்டை வீங்கியது. விடிவதற்குள் இறந்துவிட்டாள்.'

சந்திரிகா சுகாதார இலாகாவுக்கு எழுதிய புகார் அது. அதன் நகல் கையில் கிடைத்தபோது பழனியப்பன் என்ன செய்தார் தெரியுமா? காப்பிக் கடையில் நண்பர்கள் நடுவே எழுந்து நின்று, அழுகிற பெண் குரலில் அதை வாசித்துக் காட்டினார். கைதட்டல்கூடக் கிடைத்தது.

ஆறு மாதத்துக்கு முந்தைய விஷயம். அப்போது ஊரெல்லாம் கருப்பு கேக் மோகம். கேக்குக்குக் கருப்பேற்றும் மூங்கில் கரித்தூள் கிடைக்காமல் எல்லோரும் அலைந்தார்கள். பழனியப்பன் அலையவில்லை. தலைமுடிக்குப் பூசுகிற மலிவான கருப்புச் சாயத்தூளைக் கரியோடு கலந்தார். டின்னில் அடைத்தார். 'இயற்கை நிறம்' என்று ஒரு பச்சை இலைப் படத்தையும் ஒட்டினார்.

அந்த டின் ஒன்றை வாங்கித்தான் சந்திரிகா தன் தங்கை மோகனாவின் இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் கேக் செய்தாள். அன்று வெள்ளிக்கிழமை. அக்காவுக்கு விரதம். தங்கைக்கோ விருந்தாளிகள் வரும்வரை பொறுமை இல்லை. பாதிக் கேக்கைத் தனியாகவே தின்று தீர்த்தாள்.

மறுநாள் அவள் பிணமாகக் கிடந்தாள்.

பழனியப்பன் மாலையோடு போனார். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "தண்ணி குடிச்சிட்டு வரேம்மா" என்று சமையலறைக்குள் நுழைந்தார். அலமாரியில் இருந்த டின் அவருடைய பைக்குள் போனது. பையிலிருந்த சுத்தக் கரி டின் அலமாரிக்கு வந்தது. சோதனைக்கு வந்த அதிகாரிகள் எடுத்துப்போனது இரண்டாவது டின்னை.

அதோடு விட்டாரா மனிதர்? கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் குரலைத் தாழ்த்தி, "லவ் ஃபெயிலியராம்லா. அந்தப் புள்ள தானாவே எதையோ குடிச்சிருச்சு" என்று சொல்லியே சில்லறை கொடுத்தார்.

இன்று காலைதான் சந்திரிகா தொலைபேசியில் அழைத்தாள். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், கையெழுத்திட்ட கடிதத்தை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னாள். ஒன்பது மணிக்கெல்லாம் அவளுடைய ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில் ஆஜர். மேசையில் சாக்லேட் கேக். நடுவிலும் மேலும் கருகருவென்று கிரீம்.

பழனியப்பன் லேசுப்பட்டவர் இல்லை. "நீ மொதல்ல சாப்பிடும்மா" என்றார்.

அவள் ஒரு துண்டு வெட்டி, அவர் கண்ணெதிரே சாப்பிட்டாள்.

பிறகுதான் அவர் தொட்டார். ஒரு துண்டு. இரண்டாவது துண்டு. மூன்றாவதைக் கேட்டு வாங்கி, கிரீமை விரலால் வழித்து நக்கினார்.

"தங்கச்சி போன துக்கத்துலயும் உன் கை ருசி போகல" என்று பாராட்டினார்.

இப்போது மதியம் ஒன்றே கால்.

கழிவறைச் சுவரில் சாய்ந்தபடி பழனியப்பன் யோசித்தார். அவள் தனக்கு வெட்டிக்கொண்டது ஜன்னல் பக்கம். எனக்கு வெட்டியது கதவுப் பக்கம். கதவுப் பக்கக் கிரீமில் அந்தத் தூள்... ஒரு டின்னுக்கு மேல் வாங்கியிருந்தாளா?

கைப்பேசியில் சந்திரிகாவின் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க அண்ணே" என்றாள் சந்திரிகா. பின்னால் முட்டை அடிக்கும் சத்தம்.

"கேக்ல என்ன போட்ட?"

"ஏன், நல்லால்லையா? மூணு துண்டு உள்ள போச்சே."

"வெளையாடாத. எனக்கு... செவப்பா போகுது."

முட்டை அடிக்கும் சத்தம் நின்றது. ஒரு விநாடி. பிறகு, நிதானமாக, மறுபடியும் தொடங்கியது.

"மோகனாவுக்கும் மொதல்ல அப்படித்தான் அண்ணே."

"அடிப்பாவி. என்ன போட்டன்னு சொல்லு. உன் கால்ல விழறேன்."

"ஆறு மாசமா நானும் இதையேதான் உங்களக் கேக்குறேன். அந்த டின்ல என்ன இருந்துச்சு?"

"கரிதான். சுத்தக் கரி."

"அப்புறம் எதுக்குப் பயம்? சுத்தக் கரி சாப்பிட்டு யாரும் செத்ததில்லையே."

பழனியப்பன் தொண்டையைத் தடவிப் பார்த்தார். கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது.

"டாக்டருங்க மோகனாகிட்ட கெஞ்சினாங்க" என்றாள் அவள். "என்ன சாப்பிட்டேம்மா, பேரச் சொன்னா மருந்து குடுத்துடலாம்னு. பாவம், அவளுக்குப் பேரு தெரியல. உங்களுக்குத் தெரியும். நீங்க குடுத்து வெச்சவரு அண்ணே."

இணைப்பு அறுந்தது.

அன்று ஜெலுத்தோங்கிலிருந்து அரசு மருத்துவமனை வரை பழனியப்பன் கார் ஓட்டிய விதத்தைப் பார்த்த இரண்டு பூனைகள் அந்த வட்டாரத்தையே காலி செய்துவிட்டுப் போய்விட்டன. எத்தனை சிவப்பு விளக்கு வந்ததோ, அத்தனையையும் தாண்டினார். சிவப்பைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

அவசரப் பிரிவு.

டாக்டர் ஹன்னா சின்னப் பெண். ஆனால் பார்வை ஊசி மாதிரி. விஷம் என்ற வார்த்தை கேட்டதுமே, மருத்துவமனை போலீஸ் பூத்திலிருந்து இன்ஸ்பெக்டர் ஜாஹிரும் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டார்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றார் ஹன்னா.

"கேக்."

"கேக்குக்கு மருந்து கிடையாது. அதுல என்ன விஷம்?"

"தெரியாது டாக்டர். நீங்களே பார்த்து ஏதாச்சும் போடுங்க."

"யூரினும் ரத்தமும் லேபுக்குப் போயிருக்கு. ரிசல்ட் வரட்டும். என்னன்னு தெரியாம ஊசி போட்டா, அந்த ஊசியே உங்கள அனுப்பி வெச்சிடும்."

பழனியப்பனின் நெற்றியில் வேர்வை கொட்டியது. சொன்னால் சிறை. சொல்லாவிட்டால் சுடுகாடு.

"தொண்டை வீங்குதா பாருங்க டாக்டர்."

"வாயத் திறங்க... ஒண்ணும் இல்லையே."

"நல்லாப் பாருங்க. வீங்கும். அப்புறம் கிட்னி நின்னுடும். விடியறதுக்குள்ள முடிஞ்சிடும்."

ஹன்னாவின் பேனா நின்றது.

"விஷம் என்னன்னு தெரியாதுன்னீங்க. அது எப்படிக் கொல்லும்னு மட்டும் தெரியுதா?"

இன்ஸ்பெக்டர் ஜாஹிர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சினிமா தொடங்கும்போது உட்காருகிற மாதிரி.

பழனியப்பன் உடைந்தார். பாலம் உடைந்த மாதிரி உடைந்தார்!

"முடிச் சாயம் டாக்டர். கருப்புத் தூள். கரியில நான்தான் கலந்தேன். நாலுக்கு ஒண்ணு."

"எப்ப?"

"போன வருசத்துலேர்ந்து. அந்த மோகனா அதத் தின்னுதான் செத்தா. டின்ன நான்தான் மாத்தினேன். போதுமா? இப்ப ஊசி போடுங்க."

"தூள் எந்தத் தினுசுன்னு தெரியாம முடியாது. பாக்கெட் இருக்கா?"

"பாக்கெட் என்ன, மூட்டையே இருக்கு. பாயான் லெப்பாஸ்ல இருக்கிற என் ஸ்டோர்ல. கோதுமை மாவுக்குப் பின்னால பதினொரு மூட்டை."

"இன்னும் விக்கிறீங்களா?" என்றார் ஜாஹிர்.

"இப்பெல்லாம் கொஞ்சமாத்தான் சார் கலக்குறேன்."

ஜாஹிர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு சொன்னார். "சரி, ஓய்வெடுங்க. நாளைக்குப் போய்ப் பாக்குறோம்."

"நாளைக்கா? நான் இருக்க மாட்டேன் சார்." பழனியப்பன் பாய்ந்து எழுந்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து இன்ஸ்பெக்டரின் கைக்குள் திணித்தார். "நீல டேப் சுத்துன சாவி. இப்பவே ஆள அனுப்புங்க. சைரன் போட்டுக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"சும்மா போக முடியாதே. நீங்க சொன்னத எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான்..."

"எங்க போடணும்?"

மூன்று பக்கம். மூன்றிலும் கையெழுத்து. கேட்காமலேயே கட்டை விரல் ரேகையும் வைத்தார்.

அதற்குப் பிறகு வயிற்றைக் கழுவ மூக்கில் குழாய் விட்டார்கள். குழாய் உள்ளே இறங்க இறங்க அவர் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கட்டில் கால் முறிவுக்காரர் எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வரச்சொல்லி சந்திரிகா வந்தாள். கையில் மீதிக் கேக் உள்ள டப்பா. அதே நேரம் லேப் தாளோடு டாக்டர் ஹன்னாவும் உள்ளே நுழைந்தார்.

"அதிசயமா இருக்கு" என்றார் ஹன்னா. "யூரின்ல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. வெறும் கலர்தான்."

"கலரா?" குழாய்க்குப் பின்னாலிருந்து பழனியப்பனின் குரல் வந்தது.

சந்திரிகா டப்பாவைத் திறந்தாள். கத்தியால் ஒரு துண்டு வெட்டி, நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டாள். மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"செவப்பு டிராகன் பழம் நாலு. பீட்ரூட் ரெண்டு. அடுப்புல வெச்சா அந்தச் செவப்பு செத்துப் பழுப்பாயிடும். அதனால வேக வைக்காம, பச்சையா அரைச்சு சாக்லேட் கிரீம்ல கலந்தேன். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. உள்ள போனப்புறம்தான் வேலையக் காட்டும்."

"நீயும்... தின்னியே..."

"தின்னேன். எனக்கும் செவப்பாத்தான் போச்சு. நான் அலறலையே அண்ணே. நான் யாருக்கும் எதையும் கலந்து குடுக்கலையே."

பழனியப்பனின் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. அப்புறம் அவருடைய கடையில்கூட இல்லாத ஒரு நிறத்துக்குப் போனது.

"சார், இவ என்னைய ஏமாத்திட்டா. பயத்துல உளறிட்டேன். எல்லாம் பொய். முடிச் சாயமும் இல்ல, மூட்டையும் இல்ல."

ஜாஹிர் தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு ஸ்டோர். கோதுமை மாவு மூட்டைகள் விலக்கப்பட்டிருந்தன. பின்னால் கருப்புத் தூள் படிந்த மூட்டைகள், காலி டின்கள், ஒரு கட்டுப் பச்சை இலை லேபிள், ஒரு புனல்.

"எங்காளுங்க ரெண்டு தடவ எண்ணிட்டாங்க. பயத்துல உளறினவருக்குப் பதினொண்ணுன்னு எப்படிலா கரெக்டா வந்துச்சு?"

பழனியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

சந்திரிகா கட்டில் பக்கத்தில் வந்து குனிந்தாள். குரல் சர்க்கரைப் பாகு மாதிரி மெதுவாக இறங்கியது.

"மோகனா பதினாறு மணி நேரம் பயந்தா. உங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல குடுக்க முடியல. மன்னிச்சுக்குங்க. பழத்துல அவ்வளவுதான் சத்து."

அவள் டப்பாவை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் கட்டிலின் கம்பியோடு சேர்த்து விலங்கை மாட்டினார். ஹன்னா குழாயை உருவினார். மெதுவாக அல்ல.

ஜாஹிர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"டாக்டர், இவர உள்ள வெச்சா ஒடம்பு தாங்குமா? அப்புறம் நெஞ்சு வலின்னு படுத்துக்கப் போறாரு."

டாக்டர் ஹன்னா லேப் தாளை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தார். புன்னகைத்தார்.

"சர்க்கரை இல்ல, கொழுப்பு இல்ல, கிட்னி ரெண்டும் புதுசு மாதிரி ஓடுது. எத்தன வருசம் போட்டாலும் ஒரு நாள்கூட வீணாகாது சார்!"